இரண்டு வண்டியும் ஒரு விரித்த குடையும்

எங்கள் தெரு நாற்பதடி அகலம். பிறந்ததிலிருந்து கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன இந்தச் செய்தியை நானும் ஒரு நாள் எழுதுவேன் என்று நினைக்கவில்லை. பெண் பார்க்க வந்தவர்களிடம் சொன்னார்கள். மின்கம்பம் நட வந்தவர்களிடம் சொன்னார்கள். எனக்குக் காய்ச்சல் என்று தாம்பரத்துக்கு டாக்டரிடம் கூட்டிப் போன அப்பா, எந்த ஊர் என்று அவர் ஒரு பேச்சுக்குக் கேட்டதற்கு, ஊர்ப் பெயரோடு நிறுத்தாமல் தெருவின் அகலத்தையும் சேர்த்துச் சொல்லிவிட்டு வந்தார். டாக்டர் மருந்துச் சீட்டிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

வீடு? வீடு பத்தடிக்குப் பன்னிரண்டடி. காலை நீட்டினால் அடுப்பு. கையை நீட்டினால் அரிசிப் பானை. வாசலில் மட்டும் ஒரு மைதானம் கிடந்தது. வெயில் காலத்தில் அதன் செம்மண் எழுந்து வந்து சோற்றில் உட்காரும். மழைக் காலத்தில் எதிர்வீட்டுக்கு ஒரு கிண்ணம் குழம்பு கொண்டுபோனால், போய்ச் சேரும்போது அது ரசமாகியிருக்கும். தெருவில் கொஞ்சத்தை வீட்டுக்கு விட்டிருந்தால் என்ன குடி முழுகியிருக்கும் என்று அம்மா கேட்பாள். கேட்பது அடுப்பிடம். பதில் சொல்வது அப்பா.

"வூட்டுக்குள்ள குனிஞ்சி நடந்துக்கலாம். தெருவுல எவன் குனியறது?"

அப்பா ரயில் பாதையில் சுத்தியல் தூக்கிய மனிதர். தண்டவாளத்தின் இடைவெளி ஒரு விரற்கடை பிசகினாலும் அவருக்குச் சாப்பாடு இறங்காது. தெரு விஷயத்தில் மட்டும் அந்தக் கணக்கெல்லாம் காற்றில் போய்விடும்.

ஊர் உண்டான கதையை எங்கள் ஊரில் ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். எழுதி வைக்கலாமே என்று ஒரு காலத்தில் கிளம்பி நாலு பேரைக் கேட்டேன். நாலு ஊர்களின் வரலாறோடு திரும்பி வந்தேன். ஒருவர் ரங்கூன் காசில் வாங்கிய நிலம் என்றார். இன்னொருவர் ரயில் பாதை போட்ட கூலி என்றார். மூன்றாமவர் கல் உடைத்த காசு என்று அடித்துச் சொன்னார். நான்காமவர், காசாவது ஒன்றாவது, சும்மா கிடைத்த மண் என்று மற்ற மூன்று பேரையும் ஒரே வாக்கியத்தில் வெறுப்பேற்றினார். எல்லாரும் ஒத்துக்கொண்டது இவ்வளவுதான்: ஏரிக்கு அந்தப் பக்கத்துப் பழைய ஊரின் பள்ளத்தில், ஊர்ச் சாக்கடையெல்லாம் வந்து தங்கும் சேரியில் இருந்தவர்கள், இனி இங்கே இருப்பதில்லை என்று ஒரு நாள் மூட்டை கட்டினார்கள்.

அந்த ஊரின் தெரு வழியாகப் போவதென்றால் செருப்பு கையில் இருக்க வேண்டும். குடை மடங்கியிருக்க வேண்டும். வண்டியில் வந்தால் இறங்கி மாட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். தெருமுனையில் எந்நேரமும் ஒருவன் உட்கார்ந்திருப்பான். மீசை முளைக்காத பயலாகக்கூட இருக்கலாம். "எங்கடா போற?" என்பான். நின்று, சொல்லி, அவன் முகம் போ என்று அசைந்த பிறகுதான் காலை எடுத்து வைக்கலாம்.

அப்பா சொன்ன கதைப்படி, ரயில் பாதைக்கு மேற்கே இருந்த கல்மேட்டை எங்களுக்கு விற்றவர் பல்லாவரத்தில் தோல் மண்டி வைத்திருந்த ஒரு ராவுத்தர். மற்றவர்கள் எங்களுக்கு விற்கத் தயாராக இல்லை. அவருக்கோ, ஆடுகூட எட்டிப் பார்க்காத அந்த மேட்டை யார் தலையிலாவது கட்டிவிட்டால் போதும். வாங்கியவர்கள் முதலில் குடிசை போட்டார்களா? கிணறு வெட்டினார்களா? அதுதான் இல்லை. தெரு போட்டார்கள். ராவுத்தரிடம் இரண்டு மாட்டு வண்டிகளை இரவல் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, இரண்டுக்கும் நடுவே காலில் செருப்போடு ஒருவரை நிற்கவைத்து, அவர் கையில் ஒரு குடையை விரித்துக் கொடுத்து, அந்த மொத்த அகலத்துக்கும் கயிறு பிடித்தார்கள். குடை பிடித்தவர் யார் என்பதில் இன்றுவரை சண்டை. ஒவ்வொரு குடும்பமும் தன் பாட்டன்தான் என்கிறது. அந்தக் குடைக்குள் ஊரே நின்றிருக்க வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் அளவை வாய்பாடு படித்த வயதில் நான் கணக்குப் போட்டேன். இரண்டு வண்டி, ஒரு குடை. எப்படிக் கூட்டினாலும் இருபதடியைத் தாண்டவில்லை.

"மீதி எங்கேர்ந்து வந்துச்சு?" என்று அப்பாவைக் கேட்டேன்.

"வண்டி திரும்ப வாணாமா?"

"நம்ம ஊர்ல அப்ப வண்டியே இல்லியே."

"வரும்போது திரும்ப வாணாமா?" என்றார். இந்த மனிதரிடம் எப்படிப் பேசுவது?

தெருவோடு கூட ஒரு சட்டமும் போட்டிருந்தார்கள். எங்கள் தெருவில் நடந்து போகிற யாரையும் எங்கே போகிறாய் என்று கேட்கக் கூடாது. எந்த ஊரிலும் ஜனங்கள் ஒரு நாளைக்கு நூறு முறை கேட்கிற சாதாரணக் கேள்வி. எங்கள் ஊரில் குழந்தை கேட்டாலும் வாயில் அடி விழும். சொந்த மகள் மஞ்சள் பையோடு செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினால்கூட, "இன்னா, கெளம்பிட்டியா?" என்று சுற்றி வளைத்துத்தான் கேட்பார்கள். மற்றவர்களுக்கு, "சாப்டியா?"

இந்தச் சட்டத்தின் லட்சணம் எனக்குப் புரிந்தது எங்கள் சைக்கிள் திருடு போனபோது. பட்டப்பகலில் முன்பின் தெரியாத ஒருவன் அப்பாவின் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தெரு நடுவே போகிறான். பூட்டிய பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போகிறான். அம்மா வாசலில் நெல்லிக்காய் காயவைத்துக்கொண்டிருக்கிறாள். சைக்கிள் நம்முடையது என்று தெரிகிறது. ஆள் நம் ஆள் இல்லை என்றும் தெரிகிறது. கேட்க வேண்டிய ஒரே கேள்வி வாய்க்குள் வந்து நிற்கிறது. அம்மா கேட்டது, "சாப்டியாபா?"

"ஆச்சும்மா" என்றானாம். போய்விட்டான்.

அப்பா அன்று சைக்கிளைப் பற்றி அதிகம் பேசவில்லை. "கேக்கல இல்ல? அது போதும்" என்றார். பிறகு பல காலம் ஸ்டேஷனுக்கு நடந்தே போனார். நடப்பதற்கு நல்ல அகலமான தெரு.

நகரத்துக் கல்லூரிக்கு மின்சார ரயிலில் போய்வந்த நாட்களில், நூலகத்து ஆங்கிலப் பத்திரிகை ஒன்றில் அமெரிக்காவின் கறுப்பின மக்கள் கட்டிக்கொண்ட சிற்றூர்களைப் பற்றிப் படித்தேன். அடிமைத்தனம் ஒழிந்த பிறகு, யாருக்கும் வேண்டாத நிலத்தைக் கூடி வாங்கி, தாங்களே தெரு போட்டு, கோயிலும் பள்ளிக்கூடமும் கட்டிக்கொண்டு, எங்கள் ஊர் இது என்று உட்கார்ந்த மனிதர்கள். படிக்கப் படிக்க எனக்கு உடம்பு சிலிர்த்தது. இரண்டு கடல் தாண்டி எங்களுக்குப் பங்காளிகள் இருக்கிறார்கள் என்ற நினைப்போடு, மாலை ரயிலின் கூட்டத்தில் ஒற்றைக் காலில் நின்றபடி தாம்பரம் வந்து, மூச்சிரைக்க வீட்டுக்கு ஓடி, அப்பாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டார். கண்கூடக் கொஞ்சம் கலங்கியதுபோல் இருந்தது. பிறகு கேட்டார்.

"அவுங்க தெரு எத்தினி அடியாம்?"

எண்பதுகளின் கடைசியில் எங்கள் தெருவின் மேற்குக் கோடிக்கு அப்பால் இருந்த வயல்களை அவற்றின் சொந்தக்காரர்கள் மனைகளாக விற்கத் தொடங்கினார்கள். வயலுக்கு அந்தப் புறம் ஏரி. ஏரிக்கரையின் கீழே எங்கள் சுடுகாடும் கல்லறைகளும். வரப்பு வழியாகத்தான் காலங்காலமாகப் போய்வந்துகொண்டிருந்தோம். மனை போட்ட கம்பெனிக்காரர் அளவு டேப்போடு வந்தார். மனைக்கு அனுமதி வாங்க வேண்டுமானால் மெயின் ரோட்டிலிருந்து அகலமான வழி காட்ட வேண்டும். சுற்றிலும் எல்லாமே மாட்டு வண்டி போன சந்துகள். எங்கள் தெரு ஒன்றுதான் பெரியது.

விஷயம் தெரிந்த எந்த ஊராவது என்ன செய்திருக்கும்? எங்கள் தெரு, எங்கள் நிலம், வழி வேண்டுமென்றால் உட்கார்ந்து பேசு என்றிருக்கும். எங்கள் ஊர் டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டது. தெருச் சங்கத் தலைவராக இருந்த அப்பா, நாங்கள் ஆசையாக வளர்த்த செம்பருத்தி வேலியைப் பிடுங்கச் சொல்லி, சுவரோடு சுவராக ஒட்டி நின்று அளந்து காட்டினார்.

"நல்லா இழுங்க சார். நாப்பதுக்கு மேலயே வரும்."

கம்பெனிக்காரர் அசந்துபோனார். "இன்னா பெரியவரே, பிளான் போட்டு வச்ச மாதிரி கீதே."

"பிளான் போட்டதுதான் சார்" என்றார் அப்பா. ராவுத்தர், வண்டி, குடை எல்லாவற்றையும் சொல்லத் தொடங்கினார். கம்பெனிக்காரர் தலையாட்டிக்கொண்டே டேப்பைச் சுருட்டினார். வெளியாள் ஒருவர் எங்கள் தெருவைப் பார்த்து வாயைப் பிளந்தது அதுதான் முதல் தடவை. அந்த ஒன்றுக்காகவே அப்பா தெருவைத் தூக்கிக் கொடுத்திருப்பார். கொடுத்தும்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் விளம்பரம் வந்தது. தாம்பரத்துக்கு மிக அருகில், நாற்பதடி சாலை வசதியுடன். எங்கள் ஊர்ப் பெயர் அதில் எங்கும் இல்லை. நான் அதைச் சுட்டிக்காட்டினேன். "தெரு கீது இல்ல?" என்றார் அப்பா.

பிறகு லாரிகள் வந்தன. சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்திலிருந்து ஜல்லி, பாலாற்று மணல், செங்கல், கம்பி. ஒவ்வொரு லாரிக்கும் வீட்டுச் சுவர் இருமும். பாத்திரங்கள் அலமாரியில் இடம் மாறும். துணியைக் காயப்போட்டால் துவைக்காத துணி கிடைக்கும். பெண்களெல்லாம் கூடிப் போய், பகலில் ஒரு சங்கிலியாவது கட்டி லாரிகளைக் கொஞ்ச நேரம் நிறுத்துங்கள் என்று அப்பாவிடம் கேட்டார்கள்.

"நிறுத்தறதா? இந்தத் தெருவுலயா?"

"மனுசனத்தான நிறுத்தக் கூடாதுன்னாங்க? லாரிய நிறுத்தனா இன்னா?" என்றாள் அம்மா.

"லாரிக்குள்ள மனுசன் கீறான் இல்ல?"

லாரிக்குள் இருந்த மனுசன் பல வேளைகளில் எங்கள் எதிர்வீட்டு அண்ணன்தான். வேலை கிடைத்ததில் அவருக்குக் குஷி. வீடு வந்ததும் ஹாரனை ஒரு அழுத்து அழுத்துவார். அவர் அம்மா, எங்களுக்குப் பெரியம்மா, வாசலுக்கு வந்து, "பேஜாருடா உன்னோட, காது போவுது" என்று திட்டிவிட்டு, லாரியில் மகன் உட்கார்ந்திருக்கும் அழகைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

வயல் நகராயிற்று. மாடி வீடுகள், குரோட்டன்ஸ், துணிக்கொடி கட்டாத தூய்மையான வாசல்கள். பாங்கு, இன்சூரன்ஸ், மத்திய சர்க்கார் உத்தியோகம். தப்பான மனிதர்கள் என்று சொல்ல மாட்டேன். எங்கள் தெரு வழியாகத் தினம் ஸ்கூட்டரில் போனார்கள், கண்ணில் பட்டால் சிரித்தார்கள். தொண்ணூறுகளின் நடுவில் அவர்கள் வீடு ஒன்றில் ஒரு திருட்டு நடந்தது. உடனே சங்கம் கூட்டினார்கள். எங்கள் தெரு முடிந்து அவர்கள் நகர் தொடங்கும் இடத்தில் குறுக்கே சுவர் எழும்பியது. நடுவே இரும்புக் கேட். கேட்டில் வாட்ச்மேன்.

முதல் வாட்ச்மேனாக எங்கள் தெருக்கோடிச் சித்தப்பாவையே வேலைக்கு வைத்தார்கள். பாவம், நல்ல எண்ணத்தில்தான். உள்ளே வருகிறவர்களை யார், எங்கே போகிறார்கள் என்று கேட்டு அனுப்ப வேண்டும், அவ்வளவுதான் வேலை. சித்தப்பா காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு, விசிலைக் கழுத்தில் தொங்கவிட்டு, வந்தவர் போனவர் எல்லாரையும் சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு மாதம் பார்த்தார்கள். பிறகு அவரை அனுப்பிவிட்டு வெளியூரிலிருந்து ஒரு ஏஜென்சி ஆளைக் கொண்டுவந்தார்கள். அவனுக்கு எங்கள் சட்டம் தெரியாது. அவன் முதலில் நிறுத்தியது எதிர்வீட்டுப் பெரியம்மாவை.

பெரியம்மா தினமும் இரண்டு ஆடுகளை ஓட்டிக்கொண்டு வயல் வழியாக ஏரிக்கரைக்குப் போகிறவள். வயல் வீடுகளான பிறகும் அந்த வழியாகவே போய்வந்துகொண்டிருந்தாள்.

"ஏம்மா, எங்க போற?"

பெரியம்மாவுக்கு முதலில் கேள்வியே புரியவில்லை என்று பிறகு சொன்னாள். தன்னிடம்தான் கேட்கிறானா என்று திரும்பிப் பார்த்தாளாம். பின்னால் ஆடுகள்தான் இருந்தன. ஆடுகளைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டாள். அதற்குப் பிறகு ஏரிக்குப் போக வேண்டுமானால் தெற்கே இறங்கி, முள்காடு சுற்றி, ஏரிக்கரை ஏறித்தான் போனாள். முழங்காலில் வாதம். ஒவ்வொரு சாயந்திரமும் எங்கள் வாசலில் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொள்வாள்.

"உசுரோட சுத்திகினு கெடக்கறேன். செத்தா சுத்த மாட்டேன், சொல்லிட்டேன். இவன்ட்ட சொல்லி வை, நேரா தூக்கினு போணும்" என்பாள் அம்மாவிடம்.

"நான் தூக்கறேன் வாக்கா, இப்பவே. ஒத்த ஆளு போதும் உனக்கு" என்பாள் அம்மா.

பக்கத்தில் பீடி பிடித்துக்கொண்டிருந்த அண்ணன், "நேராவே தூக்கறேன்மா, வாய மூடு" என்பார். விளையாட்டுப் பேச்சுதான். ஆனால் அடிக்கடி வந்த பேச்சு.

எங்கள் வயதுக்காரர்கள் சும்மா இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சங்கத்தில் போய் உட்கார்ந்தோம். அந்தக் கேட் திறக்கும்வரை நம் தெருவில் அவர்கள் வண்டி எதுவும் போகக் கூடாது. நாலு பாறாங்கல்லைப் போட்டால் போதும். ஒரு நாள் தாங்க மாட்டார்கள். நான்தான் அதிகம் பேசினேன் என்று நினைக்கிறேன். வழி நம்முடையது, நம் வழியிலேயே வந்து நமக்கே கதவு சாத்துகிறார்கள், இது என்ன நியாயம் என்றேன். எல்லார் முகமும் எங்கள் பக்கம் சாய்ந்தது.

அப்பா எழுந்தார். "கல்லு போட்டா அது அந்தத் தெருவா பூடும். நாம வுட்டுட்டு வந்தோமே, அந்தத் தெரு."

அவ்வளவுதான். கூட்டம் முடிந்தது. பாறாங்கல்லைவிடக் கனமாக எதையோ எங்கள் தலையில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஒரு மனிதர் சரியாகவும் இருக்கிறார், அதனால் ஊரே தோற்கவும் தோற்கிறது. இதை எங்கே போய்ச் சொல்லி அழுவது?

இதற்கிடையில் நகரில் போட்ட போர்வெல் தண்ணீர் மஞ்சளாக, இரும்பு வாடையோடு வந்தது. குடிக்கவும் சமைக்கவும் படப்பைப் பக்கத்துக் கிணறுகளிலிருந்து டேங்கர் லாரி. லாரி யார் வழியாக வரும்? எங்கள் வழியாக. ஓட்டுவது யார்? எதிர்வீட்டு அண்ணனும் எங்கள் ஊர் ஆட்கள் இரண்டு பேரும். லாரிக்குக் கேட் திறந்தது. ஓட்டிக்கொண்டு வந்தவரின் அம்மா முள்காட்டைச் சுற்றிப் போனாள். இந்த விசித்திரத்தை நான் அண்ணனிடம் சொன்னபோது, "தெரியும், வண்டிய எடுக்கறப்ப எல்லாம் தெரியும்" என்றார்.

ஆவணி மாதத்து வெயிலில் பெரியம்மா இறந்துபோனாள். காலையில் ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போட்டவள், வந்து உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. வாசலில் பந்தல், தெரு முழுக்க ஜனம். நாற்பதடியும் அன்றைக்குப் போதவில்லை. அண்ணன் வண்டி எடுக்கவில்லை; எடுப்பாரா? மற்ற இரண்டு டிரைவர்களும் பந்தலுக்குக் கால் நட்டுக்கொண்டிருந்தார்கள். யாரும் யாரையும் நிறுத்தவில்லை. ஆனால் நகருக்கு அன்று தண்ணீர் போகவில்லை.

மத்தியானத்துக்கு மேல் நகர்ச் சங்கத்தின் செயலாளர், பாங்கில் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர், கேட்டைத் திறந்துகொண்டு நடந்து வந்தார். பந்தலைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றினார். மாலை வாங்கி வரவில்லையே என்று சங்கடப்பட்டது தெரிந்தது. அப்பா அவருக்கு நாற்காலி போட்டார். சோடா வாங்கிவரச் சொன்னார். எனக்கு ரத்தம் கொதித்தது.

"விஷயம் தெரியாது. ரொம்ப சாரி" என்றார் அவர். பிறகு தயங்கி, "டேங்கர் வரலை. வீட்ல குழந்தைங்க இருக்கா, பெரியவங்க இருக்கா. அதான் விசாரிக்கலாம்னு..." என்றார்.

இதோ, சாவி நம் கையில் வந்துவிட்டது என்று நான் அப்பாவைப் பார்த்தேன். தெருவே பார்த்தது. அப்பா ஒரு டிரைவரைக் கூப்பிட்டார்.

"நீ போயி ஒரு நடை தண்ணி ஊத்திட்டு வந்துடு. புள்ளைங்க கீது பாவம்."

நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். அங்கே இருந்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன். ஜன்னல் வழியாகத்தான் மீதியைப் பார்த்தேன், கேட்டேன். செயலாளரின் குரல் இளகிவிட்டிருந்தது.

"ஒண்ணு பண்ணலாம். நான் பொறுப்பெடுத்துக்கறேன். இன்னிக்கு ஒரு நாள் மட்டும் கேட்டைத் திறந்து விடச் சொல்றேன். நீங்க உள்ள வழியாவே எடுத்துண்டு போகலாம்."

அண்ணனின் முகம் மலர்ந்தது. அம்மாவுக்குச் சொன்ன வார்த்தை அவருக்குக் கண்முன் நின்றிருக்க வேண்டும். அப்பா தலையை ஆட்டினார், சம்மதமாக அல்ல.

"வாணாம் சார். நாங்க கரை மேலயே போறோம்."

"யோவ் சித்தப்பா" என்றார் அண்ணன், அப்பாவைப் பார்த்து. மேளம்கூட நின்றுவிட்டது. "செத்தது எங்கம்மா. உன் நாப்பது அடிக்கோசரம் இன்னிக்கும் அது சுத்தணுமா? நேரா தூக்கறேன்னு சொல்லிருக்கேன்."

"இன்னிக்கு மட்டும்னு சொல்றாருடா."

"இன்னிக்குத்தான செத்துது?"

அப்பாவிடம் பதில் இல்லாததை நான் அன்றுதான் பார்த்தேன். அண்ணன் செயலாளரின் பக்கம் திரும்பினார். கோபம் இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்ற மாதிரிக் கேட்டார்.

"சார், நாளைக்குப் பால் தெளிக்கப் போணும். நாளைக்குத் தொறந்திருக்குமா?"

"நாளைக்குன்னா... அது கமிட்டில பேசணும்."

"அப்பறம் பதினாறாம் நாளு? கல்லறைத் திருநாளு?"

செயலாளர் சோடா பாட்டிலைப் பார்த்தார். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

அண்ணன் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். "கரை மேல போலாம்பா, தூக்குங்க" என்றார். பெரியம்மாவை முள்காடு சுற்றி, கரை ஏறித்தான் கொண்டுபோனார்கள். தூக்கியவர்கள் தோள் மாற்றி மாற்றிப் போனதாகச் சொன்னார்கள். தண்ணீர் லாரி எங்கள் தெரு வழியாக, பந்தலை உரசாமல் ஒதுங்கி, ஹாரன் அடிக்காமல், நகருக்குப் போயிற்று.

காரியமெல்லாம் முடிந்து அண்ணன் வேலைக்குத் திரும்பிய நாளில், டேங்கர் நகரின் கேட்டுக்கு முன்னால் வந்து நின்றது. கேட் திறந்தது. லாரி நகரவில்லை. வாட்ச்மேன் கையை ஆட்டினான். அண்ணன் இறங்கி வந்து டேங்கரின் பின்குழாயைத் திறக்கத் தயாராக நின்றார்.

"உள்ள வரலியா?" என்று செயலாளர் ஓடி வந்தார்.

"இங்கியே ஊத்தறேன் சார். கொடம் எட்டாந்து புடிச்சிக்கோங்க."

மற்ற டிரைவர்களும் அப்படியே. யாரும் கூடிப் பேசி எடுத்த முடிவல்ல. அடுத்த நாளிலிருந்து நகர்ப் பெண்களும் ஆண்களும் பிளாஸ்டிக் குடங்களோடு கேட்டைத் தாண்டி எங்கள் தெருவுக்கு வந்து வரிசையில் நின்றார்கள். அவர்களில் பாதிப் பேர் எங்கள் தெருவில் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. அப்பாவுக்கு இதுவும் பிடிக்கவில்லை.

"இன்னாடா, நிறுத்தறியா?"

"நான் யாரை சித்தப்பா நிறுத்தனேன்? வர்றவங்க வராங்க, போறவங்க போறாங்க."

அப்பா அத்தோடு சும்மா இருக்கலாம் அல்லவா? காலையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய், வயதான ஒரு அம்மாளின் குடத்தைத் தூக்கி அவர் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தார். கேட் போட்ட பிறகு நகருக்குள் நடந்து போன முதல் ஆள் எங்கள் ஊரில் அவர்தான், அதுவும் கூலி இல்லாமல் தண்ணீர் சுமந்துகொண்டு. வாட்ச்மேன் அவரைக் கேட்கவில்லை. குடத்தோடு போகிறவரை எதற்குக் கேட்பான்? அம்மா இரண்டு நாள் அப்பாவோடு பேசவில்லை. நான் அதற்கு மேலும் பேசவில்லை.

ஐப்பசி அடைமழை தொடங்கியது. குடையை ஒரு கையிலும் குடத்தை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு சேற்றில் நின்று நகர்க்காரர்கள் அலுத்துப்போனார்கள். ஒரு நாள் காலையில் பார்த்தால், கேட்டின் இரண்டு கதவுகளும் சுவரோரமாக விரியத் திறந்து கிடந்தன. வாட்ச்மேன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே பிள்ளையார் கோயில் பக்கம் போய்விட்டான். யாரும் அறிவிக்கவில்லை. மன்னிப்போ வருத்தமோ பேச்சுவார்த்தையோ எதுவும் இல்லை. எனக்கு அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது. சண்டை போட்டுத் திறந்திருந்தால் எங்காவது எழுதியாவது வைக்கலாம்.

அண்ணன் அன்று லாரியை நேரே உள்ளே ஓட்டிப்போய், முதலில் செயலாளர் வீட்டுத் தொட்டியில்தான் ஊற்றினார். அவருக்குப் போய் ஏன் முதலில் என்று சண்டைக்குப் போனேன்.

"அவரு வூடுதான் மொத வூடு. பின்ன எங்க ஊத்தறது?" என்றார்.

கல்லறைத் திருநாள் வந்தது. எங்கள் ஊரில் அந்த நாளுக்குச் சாமி பேதம் இல்லை. திருநீறு பூசுகிறவர்களும் சிலுவை போடுகிறவர்களும் சேர்ந்தே போவார்கள். சாயந்திரம் மழை விட்டிருந்தது. சாமந்தியும் மெழுகுவத்தியுமாக அம்மாவும் நானும் நகர் வழியாக நடந்தோம். இரண்டு பக்கமும் டிவி சத்தம், குக்கர் விசில். அம்மா எதையும் திரும்பிப் பார்க்காமல், சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நடுச் சாலையில் விறுவிறுவென்று போனாள். நான் பின்னால் ஓட வேண்டியிருந்தது.

மழையில் பெரியம்மாவின் மண் ஒரு பக்கம் உள்வாங்கியிருந்தது. அண்ணன் முன்பே வந்து கூடை கூடையாக மண் கொட்டிச் சமன் செய்துகொண்டிருந்தார். எங்களைப் பார்த்து நிமிர்ந்தவர், எந்த வழியாக வந்தோம் என்று கேட்கவில்லை. அம்மா தலைமாட்டில் குந்தி உட்கார்ந்து, பூவை உதிர்த்துப் போட்டு, காற்றுக்கு உள்ளங்கையால் அணை கட்டி மெழுகுவத்தியை ஏற்றினாள். கண்ணைத் துடைத்துக்கொள்வாள் என்று பார்த்தேன். திட்டத் தொடங்கினாள்.

"அப்பிடி இன்னாக்கா அவசரம் உனக்கு? ரெண்டு மாசம் பொறுத்துகினு இருந்தா நேராவே வந்திருக்கலாம் இல்ல?"